பனி விலகிய ஐந்து நிமிடம்: ஹோட்டன் சமவெளிக்குக் குடும்பத்தோடு போனவர்கள் எழுதுங்கள்

தலவாக்கலைக்காரன்:

முப்பத்தொரு வருடம் கொழுந்து பறித்த என் அம்மா போன மாசி மாதம்தான் முதல் தடவையாக ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவைப் பார்த்தார். எங்கள் தோட்டத்திலிருந்து அது அப்படியொன்றும் தூரமில்லை. "குளிரும் காடும் வாசலிலேயே கிடக்கின்றன, அதற்கு டிக்கெட் வேறு வாங்க வேண்டுமா?" என்று ஒவ்வொரு வருடமும் தட்டிக்கழித்து வந்தார். பேரப்பிள்ளைகள் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்ததால்தான் வான் வண்டியில் ஏறினார்.

எனக்கு வேறு நோக்கம் இருந்தது. கொழும்பில் பழைய கமரா ஒன்றும் தூரத்தைக் கிட்டக் காட்டும் 70–300 லென்ஸ் ஒன்றும் வாங்கியிருந்தேன். காலிமுகத்திடல் காகங்களை எடுத்து எடுத்துப் பழகியாயிற்று. இனி மரை (கடமான்), மந்தி, சூரிய உதயம், உலக முடிவு என்ற செங்குத்துப் பள்ளம் என்று மனதுக்குள் ஒரு பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது.

அதிகாலை மூன்றரைக்குப் புறப்பட்டோம். அம்பேவெலப் புல்வெளியில் மாடுகள் பனிக்குள் பாதி கரைந்து நின்றன. பட்டிப்பொல வாயிலில் ஆறு மணிக்குக் கதவு திறக்கும் முன்பே எங்களுக்கு முன்னால் வான்கள் வரிசை கட்டியிருந்தன. உள்ளே போய் ஃபார் இன் கட்டடத்தருகே நடைபாதை தொடங்கும் இடத்தில் பைகளைச் சோதிக்கிறார்கள். பிஸ்கட்டின் உறையைக் கழற்றிக் கடதாசிப் பையில் போட வேண்டும். தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கும் லேபலைக்கூட உரித்துவிடுகிறார்கள். என் பையும் மனைவியின் பையும் தம்பியின் பையும் மேசைமேல் கொட்டப்பட்டன. அம்மாவின் பையில் வாழையிலையில் சுற்றிய ரொட்டி, எவர்சில்வர் டப்பாவில் தேங்காய்ச் சம்பல், ஒரு துவாய். சோதித்தவர் சிரித்துக்கொண்டே, "அம்மா, நீங்கள் போகலாம்" என்றார். அதற்குப் பிறகு அன்று முழுவதும் அம்மாவின் நடையில் ஒரு மிடுக்கு.

சுற்றுப்பாதை ஏறத்தாழ 9 கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேலே நடக்கும்போது, கொழும்பில் மாடிப்படிகூட ஏறாத எனக்கு மூச்சு வாங்கியது. அம்மா ரப்பர்ச் செருப்போடு முன்னால் போய்க்கொண்டிருந்தார். அவர் வேர்வையைத் துடைத்ததை நான் பார்க்கவில்லை.

உலக முடிவுக்கு வந்தபோது மணி எட்டே முக்கால். எதிரே ஒரு வெள்ளைச் சுவர். ஏறக்குறைய 870 மீட்டர் பள்ளம் அந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது என்று அறிந்தவர்கள் சொன்னால்தான் உண்டு. கமராவுக்குக் குளிரக்கூடாது என்று அதை என் கம்பளிச் சட்டைக்குள் நுழைத்துக்கொண்டேன். அன்று நான் செய்த மிகப் பெரிய மடத்தனம் அதுதான். பனி திடீரென்று விலகியது. பள்ளத்தாக்கு முழுவதும் கண்முன்னே விரிந்தது. கமராவை வெளியே எடுத்தால் லென்ஸ் கண்ணாடி, கொதிக்கும் கேத்தலுக்குமேல் பிடித்ததுபோல் மங்கிக் கிடக்கிறது. சட்டை நுனியால் துடைத்தேன். இன்னும் மோசமானது.

அந்த நேரத்தில் அம்மா விளிம்பிலிருந்து தள்ளி நின்று கீழே கையைக் காட்டினார். "தம்பி, அது லயம்தானே?"

லயம்தான். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள். அடியில் இருப்பது நொன்பரேல் தேயிலைத் தோட்டம். எங்களைச் சுற்றி நின்றவர்கள் பள்ளத்துக்கு முதுகைக் காட்டித் தங்களைத் தாங்களே படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்கோ கேள்விக்குமேல் கேள்வி. பறித்த கொழுந்தின் முதல் நிறுவை முடிந்திருக்குமா? பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகின்றன? இரவில் ஒருத்திக்குப் பிரசவ வலி வந்தால் அங்கிருந்து எந்த வழியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள்? எனக்கு எதற்கும் பதில் தெரியவில்லை. ஐந்து நிமிடத்தில் பனி மறுபடி மூடிவிட்டது.

பேக்கர் நீர்வீழ்ச்சியில் எடுத்த படங்கள் பரவாயில்லை. (சாமுவேல் பேக்கர் என்ற அந்த வெள்ளைக்காரர் வேட்டை நாய்களை ஏவி மரைகளைத் துரத்திக் கொன்றவர். அருவிக்கு அவருடைய பெயரும், துரத்தப்பட்டவற்றின் பரம்பரைக்குத் தேசியப் பூங்காவும் கிடைத்திருக்கின்றன.) ஆனால் உலக முடிவில் உருப்படியாக விழுந்தது ஒரே படம்தான். அதையும் என் மகன் கைத்தொலைபேசியில் எடுத்திருக்கிறான்: அம்மாவின் முதுகும், நீட்டிய கையும், அதற்கப்பால் வெளிச்சமும்.

நீங்களும் எழுதுங்கள். லென்ஸ் மங்குவதற்கு வைத்தியம் தெரிந்தவர்கள் முதலில் எழுதினால் புண்ணியம்.


யாழ்ப்பாணத்து அப்பா:

நாங்கள் போனது பாடசாலை விடுமுறையில். மனைவி, எட்டு வயது மகள், மாமனார், மாமியார். எங்கள் ஊர் வெயிலில் வளர்ந்த பெரியவர்கள் மூவரும் வானை விட்டு இறங்கவே மறுத்தார்கள். மகள் மட்டும் குதித்து ஓடினாள்.

வாகனம் நிறுத்தும் இடத்திலேயே பெரிய கொம்போடு ஓர் ஆண் மரை நின்றது. என் வாழ்நாளில் இவ்வளவு கிட்டத்தில் ஒரு காட்டு விலங்கைக் கண்டதில்லை. இன்னும் பக்கத்தில் வந்தால் முகம் மட்டும் படத்தை நிரப்பும் என்று ஆசைப்பட்டு, கையில் இருந்த பாண் துண்டை நீட்டினேன். வந்தது. எடுத்தேன். எடுத்து முடிப்பதற்குள் காவலர் ஒருவர் வந்து, பிள்ளைக்கு முன்னால் வைத்து என்னைப் பேசினார். மனிதர் கையை எதிர்பார்த்துப் பழகிய மரை பையையும் சேர்த்துத் தின்னும், பொலித்தீன் வயிற்றில் அடைத்துச் செத்த மரைகளைத் தாங்கள் கண்டிருக்கிறோம் என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு அந்தப் படத்தை எல்லோரும் மெச்சினார்கள். நான் அதை மெல்ல அழித்துவிட்டேன்.

சொல்ல வந்தது வேறு. சின்ன உலக முடிவுக்கு முன்னால் பாசி படர்ந்த மரத்தடியில் மகள் நின்றுவிட்டாள். "அப்பா, இதுக்கு மூக்கில் கொம்பு இருக்கிறது" என்றாள். விளையாடுகிறாள் என்று நினைத்துக் கையைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. குனிந்து பார்த்தால் ஓர் ஓணான், மூக்கு நுனியில் வெள்ளையாய்க் கூரிய கொம்பு! செரட்டோபோரா ஸ்டொடார்ட்டி என்று அறிவியலில் பெயர். இலங்கையின் மத்திய மலைநாட்டைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. ஆணுக்குத்தான் கொம்பு நன்றாக வளரும். ஆள் கண்டால் ஓடாமல், மரத்தோடு மரமாக இருந்துவிடலாம் என்று நம்பி அப்படியே இருக்கும் பிராணி. அது இருந்தது, மகளும் இருந்தாள். கால் மணித்தியாலம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கடந்து குறைந்தது ஐம்பது பேர் உலக முடிவை நோக்கி விரைந்தார்கள். ஒருவரும் குனியவில்லை.

ஃபிளாஷ் போடாமல் தொலைபேசியில் இரண்டு படம் எடுத்தேன். உலக முடிவில் எங்களுக்குப் பனி விலகவேயில்லை. மாமனார் இன்றைக்கும் "டிக்கெட் காசு வீண்" என்கிறார். மகள் அந்த ஓணானைத் தன் கொப்பியின் அட்டையில் வரைந்து வைத்திருக்கிறாள்.


மஸ்கெலியா டீச்சர்:

எனக்குத் தேசியப் பூங்காவில் நேர்ந்ததல்ல. ஆனாலும் இங்கே எழுத வேண்டும் போலிருக்கிறது.

மலையகத்தில் சிறுத்தை பார்க்க டிக்கெட் தேவையில்லை. தேயிலைக்கு மேலே மிஞ்சியிருக்கும் காட்டுத் துண்டுகளில் அது எப்போதும் இருந்து வந்திருக்கிறது. எங்கள் ஆட்கள் 'புலி' என்றே சொல்வார்கள். மூன்று வருடத்துக்கு முன்பு அண்ணன் குடும்பம் கண்டியிலிருந்து வந்திருந்தது. மாலை ஆறு மணியிருக்கும். தேநீர் குடித்தபடி முற்றத்தில் நின்றோம். எதிர் மலையில் தேயிலைக்கு மேலே இருந்த பாறையில் ஏதோ நீண்டு படுத்திருந்தது. அண்ணன் கமராவில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் பேச்சில்லாமல் என்னிடம் நீட்டினார். சிறுத்தை. முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது, வீட்டுப் பூனை மாதிரி. வெளிச்சம் குறைவு, தூரம் அதிகம். படம் சொரசொரப்பாகத்தான் வந்தது. ஆனால் எங்கள் வீட்டு முற்றத்திலிருந்து எடுத்த படம்.

அண்ணன் மகன் அன்றிரவே தோட்டத்தின் பெயரோடு அதை முகநூலில் போட்டுவிட்டான். மறுநாள் மாலை ஆட்டோக்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஒருவன் அந்தப் பாறையை நோக்கிக் கல் எறிந்தான், அது எழுந்து நிற்கட்டும் என்று! எனக்கு வயிறு பற்றி எரிந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. காட்டுப்பன்றிக்கு என்று மரக்கறித் தோட்டங்களில் கம்பிச் சுருக்கு வைக்கிறார்கள். சுருக்குக்குப் பன்றி எது சிறுத்தை எது என்று தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்தில் ஒரு கருஞ்சிறுத்தை அப்படி மாட்டிக்கொண்டதும், மீட்கப்பட்டுச் சில நாட்களில் இறந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். மலையகமே அதைப் பற்றிப் பேசியது. அதற்காகச் சுருக்கு வைப்பது நின்றுவிட்டதா? நிற்கவில்லை.

இப்போதெல்லாம் படம் போடுகிற என் மாணவர்களிடம் இடப்பெயரை எழுதாதே என்கிறேன். அந்தப் பாறை எங்கே என்று இங்கே யாரும் என்னிடம் கேட்க வேண்டாம்.


ஹட்டன் ஸ்டூடியோ:

நாற்பது வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறவன். லென்ஸ் கேள்விக்கு மட்டும் பதில்.

தம்பி, உங்கள் கமராவை மங்க வைத்தது பனியில்லை, உங்கள் வேர்வை. நடந்து சூடான உடம்பின் ஈரக் காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டால் படியத்தான் செய்யும். கமராவை வெளிக் குளிரிலேயே தொங்கவிடுங்கள். சட்டைக்குள் வைக்க வேண்டியது மேலதிக பட்டரியை. குளிரில் அது சீக்கிரம் சோர்ந்துவிடும். திரும்பி வந்து சூடான வானுக்குள் ஏறுமுன் கமராவைப் பைக்குள் போட்டு மூடுங்கள். உடனே திறக்காதீர்கள். மங்கிய கண்ணாடியைச் சட்டையால் தேய்ப்பது பாவம், கொஞ்சம் காற்றுப்படக் காத்திருந்தால் தானாகத் தெளியும்.

பனிக்குள் எடுத்த படங்கள் சாம்பல் பூசினாற்போல் வந்திருக்குமே? வெள்ளையைக் கண்டால் கமரா வெளிச்சம் அதிகம் என்று ஏமாந்து இருட்டாக்கும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்ச அளவை, ஒரு படி கூட்டி வையுங்கள். உலக முடிவில் வெறும் பள்ளத்தை எடுத்தால் ஆழமே தெரியாது, ஒரு மனிதரைப் படத்தின் ஓரத்தில் வைத்தால்தான் அளவு புரியும். உங்கள் மகன் அதைச் சொல்லிக்கொடுக்காமலே செய்திருக்கிறான். அந்தப் பையனிடம் கமராவைக் கொடுங்கள்.

இன்னொன்று. அந்தச் சமவெளியில் எடுத்த படங்களில் உலகம் முழுதும் பேசப்பட்டது ஒரு தேவாங்கின் படம். அழிந்தே போயிருக்கும் என்று அஞ்சிய மலைத் தேவாங்கு உயிரோடு இருக்கிறது என்று 2010இல் வெளிவந்தது. ஆராய்ச்சியாளர்கள் இரவிரவாகக் காட்டில் அலைந்து எடுத்த படம். நாம் காலை ஆறரைக்கு உள்ளே போய்ப் பதினொன்றுக்கு வெளியே வந்து, "ஒன்றும் கிடைக்கவில்லை" என்கிறோம்.


நுவரெலியா மருமகள்:

டீச்சர் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் செய்ய முடியவில்லை.

9 கிலோமீட்டர் நடக்க முடியாத பெரியவர்கள் இருந்தால் என் மாமியாரைக் கூட்டிப்போன இடத்தைச் சொல்கிறேன். நுவரெலியா நகரை ஒட்டியே கால்வேஸ் லேண்ட் இருக்கிறது. 2006இல் தேசியப் பூங்காவானது. மொத்தமே 29 ஹெக்டேயர். மெதுவாக நடந்தாலும் களைக்காது. விக்டோரியா பூங்கா இன்னும் சுலபம். மழைக்குப் பின் வடக்கிலிருந்து வரும் பறவைகள் அங்கே ஓடைப் பக்கம் இறங்கும். ஆறுமணிக்குருவியைக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துத்தான் எடுத்தேன். பின்னணி அழகில்லை என்று கணவர் குறை சொன்னார். குருவி அப்படி நினைக்கவில்லை. காஷ்மீர் ஈப்பிடிப்பானைத் தேடி வெளிநாட்டிலிருந்து ஆட்கள் அந்த வாங்குகளில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். மாமியார் அவர்களில் ஒருவருக்குத் தான் கொண்டுவந்த வடையைக் கொடுத்து, சைகையிலேயே அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்.

ஹோட்டன் சமவெளியைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நீண்ட விடுமுறை நாட்களில் அந்தப் பாதையில் சத்தத்தைக் கேட்டால் மரையல்ல, மரமே ஓடிவிடும்.


தலவாக்கலைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. ஸ்டூடியோ ஐயா, கமரா மகன் கைக்குப் போய்விட்டது. எனக்குப் பை தூக்கும் வேலை.

அவன் எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். வெகு நேரம் பார்த்தார். "என் முதுகை எதற்கு எடுத்தான்? லயம் எங்கே?" என்று கேட்டார். பனி வெளிச்சத்தில் கீழே எல்லாம் வெளுத்துப் போயிருக்கிறது என்று விளக்கினேன். சமாதானமாகவில்லை.

வருகிற தை மாதம் மறுபடி போகிறோம். இந்தத் தடவை பட்டியல் அம்மாவுடையது. முதலாவது, கீழே தெரிகிற லயம். இரண்டாவது, யாழ்ப்பாணத்துப் பிள்ளை கண்ட கொம்பு ஓணான். 300 லென்ஸில் அவ்வளவு தூரத்து லயம் துலக்கமாக விழுமா, ஐயா?


ஹட்டன் ஸ்டூடியோ:

எட்டு மணிக்கு முன்பு போய்ச் சேர்ந்தால் விழும். வெயில் ஏறினால் காற்றே நெளிய ஆரம்பித்துவிடும். அருவிப் பக்கம் போகாமல் நேரே உலக முடிவுக்கு நடங்கள். அம்மாவை முன்னால் விடுங்கள். அவர் வேகத்துக்கு நீங்கள் போனால் நேரம் சரியாக இருக்கும்.