ரெவ் புரதம் நியூக்ளியோலஸை விட்டு நகரவே இல்லை, லெப்டோமைசின் போட்டும் மாற்றமில்லை. உதவுங்கள்!

கேள்வி: உட்கருவாசி
எச்.ஐ.வி-1இன் ரெவ் புரதத்தோடு ஜிஎஃப்பியை (பச்சையாக ஒளிரும் புரதம்) இணைத்து ஹீலா என்ற மனித செல்களில் பார்க்கிறேன். உட்கருவுக்குள் ரைபோசோம் தயாராகும் பகுதியான நியூக்ளியோலஸ் மட்டும் விளக்கேற்றியது மாதிரி ஒளிர்கிறது. சைட்டோபிளாசத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. ரெவ் உட்கருவுக்குள்ளும் வெளியிலும் போய்வரும் புரதம் என்றுதானே படித்தோம்? உட்கருவிலிருந்து புரதம் வெளியேறுவதைத் தடுக்கும் லெப்டோமைசின் பி மருந்தை 10 நானோமோலார், 2 மணி நேரம் வைத்தேன். முன்னும் பின்னும் ஒரே படம். வெளியேற்ற சமிக்ஞை கெட்டுப்போன எம்10 என்ற ரெவ் திரிபு வகையும் அதே மாதிரிதான் இருக்கிறது. பிளாஸ்மிட் தப்பா, மருந்து கெட்டுவிட்டதா?

பதில்: ஜெல்ராஜா
ஜிஎஃப்பியே 27 கிலோடால்டன். அதை ஒட்டியதால் உருவம் பெருத்து, உட்கருத் துளையில் மாட்டிக்கொள்கிறது என்று நினைக்கிறேன். சின்ன ஒட்டு ஏதாவது போட்டுப் பாருங்கள்.

பதில்: துளைக்காவலன்
ஜெல்ராஜா, அந்த அளவு வரம்பு தானாகக் கசிந்து போகும் புரதங்களுக்குத்தான். துளை வழியே கடத்திச் செல்லும் ஏற்பிப் புரதத்தைப் பிடித்துக்கொண்டு போகும் சரக்குக்கு அது பொருந்தாது. ரைபோசோம் துணை அலகே அதே துளை வழியாகத்தான் வெளியே வருகிறது. ரெவ்வும் வெட்டி இணைக்கப்படாத 9 கிலோபேஸ் வைரஸ் ஆர்.என்.ஏவை இழுத்துக்கொண்டு வெளியே வரும் ஆள்தான்.

உட்கருவாசி, உங்கள் பிளாஸ்மிட்டில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. கேள்வியைத்தான் மாற்றிக் கேட்க வேண்டும். நீங்கள் எடுத்தது ஒரு நிலையான படம். புரதம் அதிக நேரம் எங்கே தங்குகிறது என்பதைத்தான் அது காட்டும். ரெவ்வின் ஆர்ஜினைன் நிறைந்த பகுதி இம்போர்ட்டின் பீட்டா என்ற ஏற்பியைப் பிடித்து உள்ளே வருகிறது, அதே பகுதி ஆர்.என்.ஏவையும் பிடிக்கிறது, நியூக்ளியோலஸில் ஒட்ட வைப்பதும் அதுவே. லூசின் நிறைந்த இன்னொரு பகுதி சிஆர்எம்1 என்ற ஏற்பியைப் பிடித்து வெளியே கொண்டுபோகிறது. லெப்டோமைசின் சிஆர்எம்1இன் 528ஆம் அமினோ அமிலமான சிஸ்டீனில் ஒட்டி அந்த வழியை அடைக்கிறது. ஏற்கெனவே உள்ளே குவிந்திருப்பதை உள்ளேயே நிறுத்தினால் படத்தில் என்ன மாறும்?

ஆர்.என்.ஏ உற்பத்தியை நிறுத்தும் ஆக்டினோமைசின் டி போடுங்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம், கூடவே புதுப் புரத உற்பத்தியை நிறுத்தும் சைக்ளோஹெக்சிமைடு, 3 மணி நேரம். ஆர்.என்.ஏ உற்பத்தி நின்றால் ரெவ்வுக்கு நியூக்ளியோலஸில் பிடிப்பு போய்விடும், உள்ளே திரும்புவதும் குறையும், அதனால் சைட்டோபிளாசத்தில் தேங்கும். எம்10 உட்கருவிலேயே இருக்க வேண்டும். லெப்டோமைசினையும் சேர்த்தால் சாதாரண ரெவ்வும் உள்ளேயே நிற்க வேண்டும். சைக்ளோஹெக்சிமைடை மறந்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் சைட்டோபிளாசத்தில் தெரிவது புதிதாக உருவான புரதம்தான் என்று யாராவது கேட்பார்கள், அதுவும் நியாயமான கேள்வி.

பதில்: நுண்ணோக்கி
மருந்து வேலை செய்கிறதா என்று தனியாகவும் பாருங்கள். ரான்பிபி1 என்ற புரதம் வழக்கமாகச் சைட்டோபிளாசத்தில் இருக்கும், லெப்டோமைசின் போட்டால் உட்கருவில் சேரும். அது நகரவில்லை என்றால் மருந்துதான் கெட்டது. அப்புறம், மிகப் பிரகாசமான செல்களை விட்டுவிடுங்கள். புரதம் அளவுக்கு மீறினால் எங்கே வேண்டுமானாலும் குவியும்.

உட்கருவாசி
மன்னிக்கவும், பதில் போடத் தாமதமாகிவிட்டது. ரான்பிபி1 உள்ளே போனது, மருந்து நன்றாகத்தான் இருக்கிறது. ஆக்டினோமைசினில் ரெவ் வெளியே வந்துவிட்டது! லெப்டோமைசினையும் சேர்த்தால் வரவில்லை. எம்10 நியூக்ளியோலஸை விட்டு உட்கரு முழுவதும் பரவியது, ஆனால் உட்கருவைத் தாண்டவில்லை. ஒரு சந்தேகம்: ஆக்டினோமைசின் செல்லையே பாதி கொன்றுவிடுகிறதே, சாதாரண நிலையிலும் ரெவ் போய்வருகிறது என்று இதை வைத்துச் சொல்லலாமா?

துளைக்காவலன்
அதற்கு இது மட்டும் போதாது. ரெவ் உள்ள மனித செல்லை, ரெவ் இல்லாத எலி செல்லோடு சைக்ளோஹெக்சிமைடு கலந்த ஊடகத்தில் இணைத்துப் பாருங்கள். எலி உட்கரு ஹெக்ஸ்டு என்ற டி.என்.ஏ சாயத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும், அடையாளம் காண்பது சுலபம். அங்கே ஜிஎஃப்பி ஒளிர்ந்தால் ரெவ் மனித உட்கருவிலிருந்து வெளியேறித்தான் அங்கே நுழைந்திருக்கிறது. எம்10ஐயும் பக்கத்திலேயே ஓட்டுங்கள். இணைந்த செல்கள் குறைவாகத்தான் கிடைக்கும், அதனால் தட்டுகளைக் கொஞ்சம் கூடுதலாகவே வையுங்கள்.