வேவ்மேக்கருக்குத் தமிழ்: ‘நீரோட்டி’ என்பது என் தெரிவு

வணக்கம்.

மீன்தொட்டித் தண்ணீரை அசைக்கும் கருவியான வேவ்மேக்கருக்குத் தமிழ்ப்பெயராக ‘அலையியற்றி’ என்று வந்த பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. இயற்பியல் பாடநூல்களில் ஆசிலேட்டருக்கு, அதாவது மின் அலைவை உண்டாக்கும் சுற்றுக்கு, அந்தச் சொல் ஏற்கெனவே வழங்குகிறது. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கடையில் வேவ்மேக்கர் என்று விற்பவற்றில் பெரும்பாலானவை அலை எழுப்புவதில்லை. காந்தத்தால் கண்ணாடியைப் பற்றிக்கொண்டு, சிறு விசிறியைச் சுழற்றித் தண்ணீரை ஒரு பக்கமாகத் தள்ளுகின்றன, அவ்வளவுதான். மேலே நெளிவு தெரியும். அதை அலை என்று சொல்ல முடியாது.

இங்கே திருகோணமலையில் வலை போடுகிறவர்கள் அலையையும் நீரோட்டத்தையும் கலந்து பேசுவதில்லை. கரையோரம் அலை அடங்கிக் கிடக்கும் சோளக (தென்மேற்குக் காற்று) காலத்திலும் “இண்டைக்கு நீரோட்டம் கூட”, அதாவது இன்று அதிகம், என்பார்கள். ஆகவே பொதுச்சொல்லாக ‘நீரோட்டி’யை முன்வைக்கிறேன். படகோட்டி, வண்டியோட்டி வரிசையில் இயல்பாக நிற்கும். தொட்டிக்குள் மூழ்கியிருந்து தண்ணீரைப் பீச்சும் சிறு கருவியான பவர்ஹெட்டும் அதற்குள் அடங்கும். ‘நீர்ப்பம்பி’ என்பது தண்ணீரை மேலே ஏற்றுகிற கருவிக்கே இருக்கட்டும். விசிறி வைத்த நீரோட்டிக்கு அந்த வலு கிடையாது.

‘அலையெழுப்பி’யை மெய்யாகவே அலை எழுப்புவதற்கு ஒதுக்குவோம். தொட்டி நீருக்கென்று ஓர் ஆட்டக்காலம் உண்டு; நீர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஆடித் திரும்ப எடுக்கும் நேரம் அது. நாலடி நீளத் தொட்டியில் ஒன்றரை அடி நீர் இருந்தால் அந்த நேரம் ஏறத்தாழ 1.4 செக்கன். கட்டுப்பாட்டுப் பெட்டி கருவியை அதே தாளத்தில் விட்டுவிட்டு இயக்கும்போதுதான் நீர்மட்டம் ஒரு முனையில் ஏறி மறுமுனையில் இறங்கும். தாளம் பிசகினால் அலை செத்துவிடும். சரியாக அமைந்தாலோ கண்ணாடி மூலைகளின் சிலிக்கன் ஒட்டுக்கும் சுமை கூடும். இதைச் சாதாரண நீரோட்டியோடு ஒரே பெயரில் வைப்பது வாங்குகிறவருக்கு நட்டம்.

ஃபைட்டர் மீன் வளர்ப்பவருக்கு இரண்டுமே வேண்டாம். அந்த நீளச் செட்டையோடு ஓட்டத்தை எதிர்த்து நீந்தியே அது களைத்துவிடும். கடல்நீர்த் தொட்டியில் வளர்க்கும் மென்பவளத்துக்கு, மணிக்குத் தொட்டிக் கொள்ளளவின் 10 முதல் 20 மடங்கு தண்ணீர் ஓடவேண்டும் என்பது வழக்கமான கணக்கு. 200 லீட்டர் தொட்டிக்கு 2,000 முதல் 4,000 லீட்டர். கல்பவள வகைகள் பல இன்னும் கூடக் கேட்கும். இந்த எண்ணுக்கு ‘ஓட்ட மடங்கு’ என்று எழுதலாம்.

மடங்கு மட்டும் பார்த்து வாங்குவதும் சரியில்லை. ஒடுங்கிய வாயுள்ள பவர்ஹெட் ஒரே கோட்டில் பீச்சும். எதிரே இருக்கிற மணலில் குழி விழும். பவளத்தின் மேல் நேரே பட்டால் தசை கிழியும். திருகோணமலைக்கு அருகே புறாத்தீவின் பவளப்பாறைகளின் மேல் தண்ணீர் போய்த் திரும்பி வருவதைப் பார்த்தவர்களுக்கு, எதிரெதிரே இரண்டு நீரோட்டிகளை வைத்து மாறி மாறி ஓடவிடுவதன் பயன் உடனே விளங்கும். அந்த முறைக்கு ‘மாற்றோட்டம்’ பொருந்தும் என்று நினைக்கிறேன்.

அப்புறம், கைர் பம்ப். நீண்ட உருளைச் சுழலியால் தண்ணீரை அகலமாக விரித்துத் தள்ளுவது அது. ‘உருளை நீரோட்டி’ என்று இப்போதைக்குக் குறித்திருக்கிறேன். தமிழ்நாட்டுக் கடைகளில் வேறு பெயர் புழங்கினால் எழுதுங்கள். அதையும் சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம்.