தேர்வுக்குப் படிப்பவர்கள் திரை நேரத்தை எப்படிக் குறைக்கிறீர்கள்?

கேள்வி:
டிஎன்பிஎஸ்சி குரூப் 2 தேர்வுக்குப் படித்து வருகிறேன். நடப்பு நிகழ்வுகளுக்கான பிடிஎஃப் டெலிகிராமில் வருகிறது, வகுப்புகளோ யூடியூபில் நடக்கின்றன. ஆகவே கைபேசியை அலமாரியில் பூட்டி வை என்று வீட்டில் சொல்வது எனக்குச் சரிப்பட்டு வராது. ஆனால் படிப்பதற்காகத் திறந்துவிட்டு ரீல்ஸுக்குள் போனால் நள்ளிரவுக்கு முன் வெளியே வர முடிவதில்லை; மறுநாள் நூலகத்தில் உட்கார்ந்ததும் கண் சொக்குகிறது. செயலிகளை நீக்காமலேயே இதைக் கட்டுப்படுத்த வழி இருக்கிறதா?

பதில் 1:
தம்பி, ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் ‘டிஜிட்டல் வெல்பீயிங்’ என்ற பகுதி இருக்கும். அது காட்டும் மொத்த நேரத்தைப் பார்த்துப் பதற வேண்டாம், ஏனெனில் வகுப்பு கேட்ட நேரமும் அதில்தான் சேரும். எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் போனது, நாளில் எத்தனை முறை திரையைத் திறந்தீர்கள் என்பவற்றையே கவனியுங்கள். இன்ஸ்டாகிராமுக்கு டைமர் வைத்துவிடலாம். யூடியூபுக்கு வைத்தால் வகுப்பும் சேர்ந்து நின்றுவிடும். அதற்குப் பதிலாக, பார்த்தவற்றின் வரலாற்றை அழித்துவிட்டு, இனிப் பதியாதபடி நிறுத்திவிட்டால், முகப்பில் பரிந்துரைகள் வருவது நின்றுவிடும். வேண்டிய பாடத்தைத் தேடிப் பார்க்கத் தடையில்லை.

பதில் 2:
நள்ளிரவு என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சந்தேகம். நம்மில் பெரும்பாலோர் போடுவது தினமும் 1.5 அல்லது 2 ஜிபி தரும் பேக்; பன்னிரண்டு மணிக்கு மிச்சம் காலாவதியாகிவிடும் என்பதால், பசியில்லாவிட்டாலும் இலையில் இருப்பதைத் தின்று தீர்ப்பதுபோல, பதினொரு மணிக்கு மேல் உட்கார்ந்து தீர்க்கிறோம். 2016இல் ஜியோ வந்தபின் டேட்டா மலிந்தது. 2020 ஜூனில் டிக்டாக் தடைசெய்யப்பட்ட சில மாதங்களுக்குள் ரீல்ஸும் ஷார்ட்ஸும் இங்கே வந்துசேர்ந்தன. மலிந்த டேட்டாவுக்குத் தீனி கிடைத்துவிட்டது. தினசரி வரம்பு இல்லாமல், செல்லுபடிக் காலம் முழுமைக்கும் சேர்த்து டேட்டா தரும் பேக்குக்கு மாறிப் பாருங்கள்.

பதில் 3:
அந்த வகை பேக்கில் டேட்டா மிகக் குறைவு; தினமும் காணொளி வகுப்பு கேட்பவருக்கு ஒரு வாரம்கூடத் தாங்காது. விடுதியில் வைஃபை இருப்பவர்களுக்கு வேண்டுமானால் ஒத்துவரும். அது இருக்கட்டும், தூக்கமின்மை பல வாரங்களாகத் தொடர்ந்தால் அரசின் மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் உதவி எண் 14416ஐ அழைத்துத் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. விடுதியில் வைஃபை இல்லை, எனவே பேக்கை மாற்றப் போவதில்லை. யூடியூப் வரலாற்றை இன்றே நிறுத்திவிட்டேன். டெலிகிராம் குழுவில் பிடிஎஃபை விட மீம்ஸ்தான் அதிகம் வருகிறது. அதற்கு என்ன செய்வது?

பதில் 1:
குழுவை மியூட் செய்துவிட்டு, குழுவின் பெயரைத் தொட்டு ‘ஃபைல்ஸ்’ பகுதிக்குப் போங்கள். அங்கே கோப்புகள் மட்டும் வரிசையாக இருக்கும்.