மதர்போர்ட் மாற்றினேன், விண்டோஸ் லைசன்ஸ் போய்விட்டது. திரும்ப எடுக்கலாமா?

உப்புவெளி தட்டச்சு:
வணக்கம். திருகோணமலை உப்புவெளியில் தட்டச்சு, போட்டோக் கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு இருப்பது ஒரேயொரு கொம்பியூட்டர். கடலுக்குக் கிட்ட என்பதால் உப்புக் காற்று ஒன்றையும் விட்டுவைக்காது. போன கிழமை மதர்போர்ட் செத்துவிட்டது. கழற்றிப் பார்த்தால் யூஎஸ்பி வாய்களைச் சுற்றி ஒரே பச்சை. டவுனில் ஒரு கடையில் புது போர்ட் போட்டு, போர்மட் அடித்து, விண்டோஸ் 11 ஏற்றித் தந்தார்கள். இப்போது திரையின் வலது மூலையில் ‘அக்டிவேட் விண்டோஸ்’ என்று எழுதி நிற்கிறது.

என்னிடம் இருப்பது 2018இல் அண்ணா கனடாவில் பெட்டியாக வாங்கி அனுப்பிய விண்டோஸ் 10 புரோ. அந்த அட்டையைக் கணக்குக் கொப்பிக்குள் வைத்திருக்கிறேன். 25 எழுத்தையும் விரல் வைத்துப் பார்த்து அடித்தேன். வேறு கருவியில் பாவித்த கீ என்கிறது. திருத்தின கடையில் கேட்டால், “அது இனிச் செல்லாது அக்கா, கிராக் போட்டுத் தாறோம்” என்கிறார்கள். காசு கட்டாமல் களவாக அக்டிவேட் பண்ணும் புரோகிராமாம். எனக்கு மனம் வரவில்லை. ஊர்ச் சனத்தின் அடையாள அட்டை, காணி உறுதி, பென்சன் கடிதம் எல்லாம் இதற்குள்தான் ஸ்கேன் ஆகிறது. காசு கொடுத்து வாங்கினது போர்டோடு போய்விடுமா?

நிலாவெளிப் பொடியன்:
போகாது அக்கா. லைசன்ஸில் இரண்டு வகை. கொம்பியூட்டரோடு சேர்ந்தே வரும் ஓஇஎம் என்றால் அந்த போர்டோடு சரி. உங்களுடையது பெட்டியில் தனியாக விற்ற ரீட்டெயில், அதை வேறு போர்டுக்குக் கொண்டுபோகலாம். 10 என்று போட்டிருந்தாலும் 11க்கும் அதுதான்.

சிக்கல் என்னவென்றால், மைக்ரோசொஃப்ட் உங்கள் போர்டை வைத்துத்தான் கொம்பியூட்டரை அடையாளம் காண்கிறது. போர்ட் மாறினால் அதற்கு இது புது ஆள். முன்பு மைக்ரோசொஃப்ட் கணக்கில் லொகின் பண்ணி வைத்திருந்தீர்களா? அப்படியென்றால் அதே கணக்கில் இப்போதும் நுழையுங்கள். பிறகு செட்டிங்ஸ், சிஸ்டம், அக்டிவேஷன். அங்கே ட்ரபிள்ஷூட் என்று ஒன்று வரும். அதற்குள் ‘அண்மையில் ஹார்ட்வேர் மாற்றினேன்’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கும், அதைத் தட்டுங்கள். உங்கள் பழைய கருவிகளின் பட்டியல் வரும். இந்தக் கொம்பியூட்டரின் பழைய பெயரைத் தேர்ந்து, ‘இப்போது பாவிப்பது இதுதான்’ என்ற பெட்டியில் சரி போடுங்கள். அட்மின் கணக்கில் இருந்துதான் செய்ய வேண்டும்.

கோணேசர் வீதி:
அக்கா, கிராக் வேண்டவே வேண்டாம். அனேகமானவை பெரிய நிறுவனங்களுக்கான கேஎம்எஸ் முறையைப் போலியாகக் காட்டுபவை. அந்த அக்டிவேஷன் 180 நாளுக்குத்தான், பிறகு புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். போடும்போது அன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள். மற்றவர்களின் காணி உறுதி இருக்கிற மெஷினில் அதைச் செய்யலாமா? அக்டிவேட் ஆகாவிட்டாலும் விண்டோஸ் வேலை செய்யும், அப்டேட்டும் வரும். வோல்பேப்பர் மாதிரிச் சிலதைத்தான் மாற்ற முடியாது. அவசரப்படாதீர்கள்.

உப்புவெளி தட்டச்சு:
தம்பிமாரே, சரிவந்துவிட்டது! திருத்தின கடையில் கணக்கே இல்லாமல் ‘யூசர்’ என்று ஒரு பெயர் போட்டுத் தந்திருந்தார்கள். என் பழைய கணக்கில் நுழையப் போனால், கோட் அண்ணாவின் போனுக்குத்தான் போகுமாம். அங்கே நடுச்சாமம். எழுப்பித்தான் கேட்டேன், பாவம். பட்டியலில் ‘கடை’ என்று பழைய பெயர் அப்படியே இருந்தது. சரி போட்டதும் வலது மூலை எழுத்து மறைந்தது. அதே கணக்கில் என் ஒஃபிஸ் 2019உம் இருந்தது, அங்கேயிருந்தே இறக்கிவிட்டேன்.

இன்னொன்று. டி ட்ரைவில் இருந்த வினாத்தாள் எல்லாம் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாக வருகிறது. பழுதாகிவிட்டதா?

நிலாவெளிப் பொடியன்:
இல்லை அக்கா, பாமினியில் அடித்தவைதானே? அது ஆங்கில எழுத்துகளைத் தமிழ் வடிவத்தில் காட்டும் பழைய எழுத்துரு. எழுத்துரு சி ட்ரைவில்தான் இருக்கும், போர்மட்டோடு போயிருக்கும். பாமினியை மறுபடி போட்டால் தமிழ் திரும்பிவிடும். ஆனால் ஒஃபிஸ் 2019க்கும் விண்டோஸ் 10க்கும் 2025 ஒக்டோபர் 14உடன் ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஆக்கிவிட்டீர்கள், நல்லது. ஒஃபிஸுக்குப் பாதுகாப்பு அப்டேட் இனி வராது. முன்பின் தெரியாதவர்கள் பென் ட்ரைவில் கொண்டுவரும் கோப்புகளை ஸ்கேன் பண்ணாமல் அதில் திறக்காதீர்கள்.

உப்புவெளி தட்டச்சு:
பாமினி போட்டாயிற்று. ஏழாம் தர வரலாறு வினாத்தாள் முழுதாகத் தெரிகிறது. காலையில் ரீச்சர் வந்து எடுப்பார், இப்போதே 120 பிரதி அடிக்கப் போகிறேன்.