லைவ் மார்க்கெட்டிங் டேட்டாவை வெப் ஆப்பில் இணைத்தவர்களே, உங்க அனுபவம் என்ன?

தொடங்கியவர், திருப்பூர்

ஆன்லைன்ல துணி விக்கிற ஒருத்தருக்கு டேஷ்போர்டு (முக்கிய எண்களை ஒரே திரையில காட்டுற பக்கம்) செஞ்சு கொடுத்தேன். தீபாவளி நேரம். எந்த விளம்பரத்துக்குப் போற காசு ஆர்டரா திரும்புதுன்னு அப்பப்பவே திரையில தெரியணும்னு கேட்டார். தளத்துக்கு வர்றவங்களைக் கணக்கெடுக்கிற கூகுளோட பழைய கருவி யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலையில நின்னதுல இருந்து அவர் தளத்துல அதுக்கு அடுத்து வந்த கூகுள் அனலிட்டிக்ஸ் 4, அதாவது ஜிஏ4தான். அது கூகுளோட டேட்டா கிடங்கான பிக்குவெரிக்கு டேட்டாவை அனுப்பிடும், நாம எஸ்க்யூஎல் (டேட்டாபேஸ்கிட்ட கேள்வி கேக்கிற மொழி) எழுதி எடுத்துக்கலாம். கேக்க சுலபமாத்தான் இருக்கு.

அங்க ரெண்டு வகை டேபிள். நாள் முடிஞ்ச பிறகு வர்றது ஒண்ணு, இன்னைக்கு நடக்கிறது வரவர விழுற இன்ட்ராடே டேபிள் இன்னொண்ணு. லைவ் வேணும்னா இன்ட்ராடேவைத் தொட்டுத்தான் ஆகணும். ஆனா புதுசா வந்த ஆள் முதல்ல எந்த வழியா வந்தார்ங்கிற விவரம் அதுல காலியா இருக்கும். மார்க்கெட்டிங்காரர் கேக்கிற முதல் கேள்வியே அதுதானே! கடைசியில ஒவ்வொரு ஈவென்டோடயும் (பக்கம் பார்த்தது, வாங்கினது மாதிரி ஒவ்வொரு செயல்) வர்ற பாராமீட்டரை அன்நெஸ்ட் பண்ணி, அதாவது உள்ளடங்கின பட்டியலைத் தனி வரிகளாப் பிரிச்சு, பக்க முகவரியில ஒட்டியிருக்கிற யூடிஎம்-ஐ (எந்த விளம்பரத்துல இருந்து வந்தார்னு சொல்ற குறி) எடுத்தோம். விளம்பர லிங்க்ல யூடிஎம் போட மறந்த கேம்பெயின் எல்லாம் 'நேரடி வருகை' கணக்குல போய் உக்காந்துக்குச்சு.

இன்னொண்ணு, நேரம். ஈவென்ட் நேரம் யூடிசி-யில (உலகப் பொது நேரம், நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி பின்னால) மைக்ரோ செகண்டா இருக்கு. நேர மண்டலம் குறிப்பிடாம தேதியா மாத்தினா நம்ம ஊர்ல நாள் காலை 5.30-க்குத்தான் பிறக்கும். ராத்திரி 12 மணிக்கு ஆஃபர் திறந்தா, அந்த முதல் அஞ்சரை மணி நேர விற்பனை முழுக்க முந்தின நாள்ல விழும். நாள்வாரியாத் தொகுக்கிற குரூப் பை எழுதுற இடத்திலெல்லாம் 'ஏசியா/கொல்கத்தா' போட்டுடுங்க.

முடிஞ்சுபோன நாளோட டேபிளும் மூணு நாள் வரைக்கும் மாறும், தாமதமா வர்ற ஈவென்ட் அதுல சேரும். "நேத்து பார்த்த எண் இன்னைக்கு ஏன் வேற?"ன்னு போன் வரும், தயாரா இருங்க.

பதில், கோவை, பேக்எண்ட் வேலை

பில் பத்தி யாரும் பேசலையே. எங்க அலுவலகத்துல டேஷ்போர்டைச் சுவர் டிவியில போட்டு, நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெஃப்ரெஷ் வெச்சிருந்தாங்க. ஆன்-டிமாண்டுல (பயன்படுத்தின அளவுக்குக் காசு கட்டுற திட்டம்) பிக்குவெரி வாங்குற காசு, குவெரி, அதாவது நாம எழுதுற எஸ்க்யூஎல் கேள்வி, எவ்வளவு டேட்டாவைப் படிக்குதுங்கிறதுக்கு. மாசம் முதல் 1 டெபிபைட் (சுமார் ஆயிரம் ஜிபி) இலவசம், அப்புறம் மீட்டர் ஓடும். 'லிமிட் 10' போட்டா பத்து வரிதான் வரும், படிக்கிற அளவு பெரும்பாலும் குறையாது. கேஷ் (முன்ன வந்த பதிலைச் சேமிச்சு வெச்சு திரும்பத் தர்றது) காப்பாத்தும்னு நம்பாதீங்க: குவெரியில இப்போதைய நேரம் கேக்கிற ஃபங்ஷன் இருந்தாலோ, டேபிள்ல டேட்டா ஸ்ட்ரீம் ஆகிட்டிருந்தாலோ கேஷ் வேலை செய்யாது. லைவ் டேஷ்போர்டுல இந்த ரெண்டுமே இருக்கும்.

இப்போ 15 நிமிஷத்துக்கு ஒரு ஜாப் ஓடி, சுருக்கத்தை மட்டும் போஸ்ட்கிரெஸ்ங்கிற தனி டேட்டாபேஸ்ல எழுதுது. ஆப் அதை மட்டும்தான் படிக்கும். நூறு பேர் திறந்தாலும் பிக்குவெரிக்குப் போறது அந்த ஒரே குவெரி. கூடவே, ஒரு குவெரிக்கு இவ்வளவு பைட்டுக்கு மேல பில் ஆகக்கூடாதுன்னு உச்சவரம்பு வைக்கிற வசதி இருக்கு. அதை முதல் நாளே போட்டுடுங்க.

பதில், சென்னை

கூகுள் ஆட்ஸ் ஏபிஐ (விளம்பரக் கணக்கு டேட்டாவை நம்ம ஆப்புக்கு எடுக்கிற வழி) தொட்டவங்களுக்கு: அதோட குவெரி மொழி பார்க்க எஸ்க்யூஎல் சாயல்தான், ஆனா ரெண்டு டேபிளைச் சேர்க்கிற ஜாயின் கிடையாது, எங்கிருந்து எடுக்கணும்னு சொல்ற ஃப்ரம்ல ஒரே ரிசோர்ஸ்தான். செலவு மைக்ரோஸ்ல வரும், 10 லட்சத்தால வகுக்கணும். எங்க டீம்ல புதுப் பையன் வகுக்காம திரைக்கு அனுப்பிட்டான். 2,000 ரூபாய் செலவு 200 கோடின்னு நின்னுச்சு. முதலாளி கொஞ்ச நேரம் பேசவேயில்லை.

அதைவிடத் தலைவலி கன்வர்ஷன், அதாவது விளம்பரத்தைக் கிளிக் பண்ணினவர் வாங்கினதா ஆகுற கணக்கு. திங்கள்கிழமை கிளிக் பண்ணி வியாழன் வாங்கினா, ஆட்ஸ் அதைத் திங்கள் கணக்குல எழுதும். கடை டேட்டாபேஸ் வியாழன்னு சொல்லும். ரெண்டும் சரிதான், ஆனா ஒரே வரைபடத்துல போட்டா சண்டைதான். கன்வர்ஷன் நடந்த தேதிப்படி தர்ற மெட்ரிக்கும் உண்டு, ஆர்டரோட ஒப்பிட அதை எடுங்க.

பதில், பெங்களூரு

மின்னஞ்சல் கேம்பெயினுக்கு 'திறந்தவர்கள்' எண்ணை லைவா காட்டச் சொன்னா மறுத்துடுங்க. 2021-ல ஐஓஎஸ் 15 வந்த பிறகு, ஆப்பிள் மெயில்ல தனியுரிமை பாதுகாப்பை இயக்கினவங்களுக்குப் படங்கள் முன்கூட்டியே இறங்கிடுது. மெயில்ல ஒளிச்சு வெச்ச படம் இறங்கினாத்தான் 'திறந்தார்'னு கணக்கு. படிக்காதவரும் திறந்தவரா எண்ணப்படுவார். நாங்க கிளிக்கை மட்டும் காட்டுறோம்.

பதில், கல்லூரி மாணவி, மதுரை

அண்ணா, ரியாக்ட்ல (பிரவுசர்ல ஓடுற திரைப் பக்கத்தை எழுதுற கருவி) இருந்து நேரா டேட்டாபேஸுக்குக் குவெரி அனுப்பினா வேகமா இருக்காதா?

தொடங்கியவர்

வேண்டாம்மா. பிரவுசருக்குப் போன பாஸ்வேர்டு ஊருக்கே தெரிஞ்ச மாதிரி. நடுவுல சின்னதா ஒரு பேக்எண்ட் வை, படிக்க மட்டும் உரிமையுள்ள யூசரைக் கொடு. பயனர் தேர்ந்தெடுக்கிற தேதியை குவெரி எழுத்துல நேரா ஒட்டாம, தனி மதிப்பா, பாராமீட்டரா அனுப்பு. போஸ்ட்கிரெஸ்னா அந்த யூசருக்கு ஸ்டேட்மென்ட் டைம்அவுட்டும் (ரொம்ப நேரம் ஓடுற குவெரியை நிறுத்திடும்) போட்டுடு. போஸ்ட்கிரெஸோட இயல்பான உச்சம் 100 கனெக்‌ஷன்தான், மாட்டிக்கிட்ட குவெரிகளே அத்தனையையும் பிடிச்சுக்கிட்டா, புதுசா வர்றதை டேட்டாபேஸ் மறுத்துடும்.