வீட்டில் கட்டிய விமானம், பெற்றோல் ஃபில்டரில் துகள்கள்: தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. நான் கல்லடியில் வள்ள எஞ்சின் திருத்துகிறவன். கனடாவில் இருக்கும் எங்கள் பெரியம்மாவின் மகன், ஒருவர் தன் கராஜில் கட்டிய இரண்டு இருக்கை விமானத்தைக் கைமாறி வாங்கியிருக்கிறார். ரோட்டாக்ஸ் 912 எஞ்சின். பெரியம்மாவுக்கு அன்றிலிருந்து நித்திரையே இல்லை.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையின் 2012 ஆய்வை வாசித்தேன். இப்படியான விமானங்களின் விபத்துகளில் எஞ்சின் கோளாறும் பறக்கும்போது கட்டுப்பாடு இழப்பதும்தான் முன்னுக்கு நிற்கின்றன, 2011இல் விபத்துக்குள்ளானவற்றில் பாதிக்கு மேல் அண்ணனுடையதைப் போலக் கைமாறியவை.

நேற்று வீடியோ கோலில் ஃபில்டரைக் காட்டினார். அடியில் தேங்காய்ப்பூ மாதிரி வெள்ளைத் துகள்கள். முந்தியவர் பொருத்துகளில் சாதாரண சிலிக்கன் பூசியிருப்பார் என்று நினைக்கிறேன், அது பெற்றோலில் ஊறிக் கழன்று வரும். வாவிக்குள் எஞ்சின் நின்றால் துடுப்புப் போடலாம், ஓடுபாதையை விட்டு எழும்பின கையோடு நின்றால் திரும்பி வரக்கூட உயரம் இருக்காது.

தாங்கியைக் கழுவினால் போதுமா, குழாய்களும் மாற்ற வேண்டுமா? இரண்டு காபரேட்டரையும் பிரிக்கச் சொல்லவா? விமானத்தின் மூக்கை உயர்த்தி வைத்து எஞ்சினுக்குப் போகும் பெற்றோல் ஓட்டம் அளந்தவர்கள் இருக்கிறீர்களா? பம்ப் என்றால் எஞ்சினின் உச்சத் தேவையில் 125%, பம்ப் இல்லாமல் தாங்கியிலிருந்து தானாக வழிவதென்றால் 150% வர வேண்டும், சரி, அதை எப்படிப் பாதுகாப்பாக அளந்தீர்கள்?

சனிக்கிழமை பறக்கப் போகிறாராம். அதற்கு முன் எழுதுங்கள், அப்படியே அவருக்கு அனுப்பிவிடுவேன்.