மொரப்பூர்–தர்மபுரி–ஓசூர் சின்ன ரயில்: பழைய தடத்தை எப்படி உறுதி செய்வது?

கேள்வி – பாலக்கோட்டான்
தர்மபுரிக்கு வெளியே வயலுக்கு நடுவில் கருங்கல் சிறுபாலம் ஒன்று தனியாக நிற்கிறது. சின்ன ரயில் பாலம் என்கிறார்கள் சிலர், பழைய மீட்டர்கேஜ் (தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர்) என்கிறார்கள் வேறு சிலர். எதை வைத்து முடிவு செய்வது? கிருஷ்ணகிரிக்குப் போனதும் இதே பாதைதானா?

பதில் – தண்டவாளம்
அது வேறு பாதை நண்பரே. திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி 1905இல் வந்தது. மொரப்பூர்–தர்மபுரி 1906, அதையே ஓசூர் வரை நீட்டியது 1913. இரண்டுக்கும் தண்டவாள இடைவெளி 2 அடி 6 அங்குலம்தான். தாது வருஷப் பஞ்சத்தில் (1876–78) பட்ட அடிக்குப் பிறகு, உள்நாட்டுக்குத் தானியம் கொண்டுசேர்க்கப் போட்ட பஞ்ச நிவாரணப் பாதைகள் இவை.

மொரப்பூரில் மெயின் லைன் 5 அடி 6 அங்குலம். வண்டி தடம் மாற முடியாது. ஒவ்வொரு மூட்டையையும் இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். கூலியும் நேரமும் இரட்டிப்பு. லாரி வந்து வாசலிலேயே சரக்கு ஏற்றத் தொடங்கியதும் போட்டி போட முடியவில்லை. கிருஷ்ணகிரிப் பாதை 1936இல் மூடப்பட்டது, ஓசூர்ப் பாதை போர்க்காலத்தில், 1941இல்.

பதில் – சங்கிலி அளவை
பாலத்தின் கல் இடுக்கை ஆணியால் சுரண்டுங்கள். வெள்ளையாகப் பொடிந்து உதிர்ந்தால் சுண்ணாம்புக் காரை. சிமென்ட் அப்படி உதிராது. சேலம்–பெங்களூரு மீட்டர்கேஜ் 1960களில், சிமென்ட் காலத்தில் போட்டது என்பதால் இந்தச் சோதனை முக்கியம். பக்கத்தில் சிலிப்பர் கட்டை (தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே போடுவது) கிடந்தால் நீளத்தை அளங்கள்: சின்ன ரயிலுக்கு 5 அடி, மீட்டர்கேஜுக்கு 6.

வேலிக்கம்பமாக நிற்கும் தண்டவாளத்தை மட்டும் நம்பாதீர்கள். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் நடுப்பட்டையில் புடைப்பெழுத்தும் ஆண்டும் தெரியும். 1941க்குப் பிந்தைய ஆண்டு என்றால் இந்தப் பாதையுடையது இல்லை. முந்தைய ஆண்டு என்றாலும் சான்றாகாது, பழைய தண்டவாளம் ஊர் ஊராகப் போகும்.

பதில் – புல வரைபடம்
மைலுக்கு ஒரு அங்குலம் என்ற அளவில் வந்த பழைய சர்வே வரைபடத்தில் தாள் எண் 57 எல்/4 தர்மபுரி, 57 எல்/8 மொரப்பூர். 1941க்கு முந்தைய பதிப்பாகத் தேடுங்கள். பிறகு கிராமத்து அ-பதிவேட்டில் (நிலங்களின் புல எண், வகைப்பாடு உள்ள வருவாய்ப் பதிவேடு), ஒடுங்கி நீண்டு அடுத்த கிராமத்திலும் தொடரும் புறம்போக்கு எண் இருக்கிறதா பாருங்கள். வாய்க்காலும் அப்படித்தான் ஓடும், வகைப்பாட்டைப் படிக்காமல் முடிவுக்கு வராதீர்கள்.

களத்தில் ஏரிக்கரைதான் பெரும்பாலும் ஏமாற்றும். அதில் தண்ணீர்ப் பக்கம் கல் பாவியிருக்கும், மதகு இருக்கும். ரயில் கரை இருபுறமும் ஒரே சரிவு, வளைவும் நீளமாக, மெதுவாகத் திரும்பும். 2019இல் அடிக்கல் நாட்டிய புதிய மொரப்பூர்–தர்மபுரி அகலப்பாதைக்கு நட்ட அளவைக் கற்களைப் பழைய எல்லைக்கல் என்று குறித்துவிடாதீர்கள்.